ஆயா கழுத்துல ஐடி கார்டு: உங்க கைல இருக்கற விஷயம் கவிதையா, கதையா, நாடகமான்னு கண்டுபிடிக்கறது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு மொட்டமாடிக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அஞ்சாறு பசங்க வருவாங்க, எல்லாம் எழுதணும்னு ஆசை உள்ள பசங்க, ஒருத்தன் ஹார்பர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை பாக்கறான், ஒரு பொண்ணு நர்ஸிங் படிக்குது, ஒருத்தன் தண்டையார்பேட்டைல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். வர்ற எல்லாரும் மொதல்ல கேக்கறது ஒரே கேள்வி தான். "அக்கா, எங்கிட்ட ஒரு மேட்டர் கீது, இத கவிதையா எழுதறதா கதையா எழுதறதா?" பத்து வருஷமா இதுக்கு பதில் சொல்லி சொல்லி நான் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன், அத இங்க முழுசா எழுதிடறேன், யாருக்காவது உதவும்.

வழி இது தான். எழுதறதுக்கு முன்னாடி வாயால சொல்லுங்க. ஃபோன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணிட்டு, ஒரு ஃப்ரெண்டு கிட்ட அந்த விஷயத்தை சாதாரணமா டீ குடிச்சிக்கினே சொல்லுங்க. அப்புறம் வேற ஒருத்தர் கிட்ட, முடிஞ்சா வயசுல பெரியவங்க கிட்ட, திரும்ப சொல்லுங்க. ரெண்டு ரெக்கார்டிங்கையும் ராத்திரி ஹெட்செட் போட்டுக் கேளுங்க. நீங்க எங்க நின்னீங்க, எங்க ஓடினீங்க, எங்க குரல் மாத்தி பேசினீங்க, எங்க கோவம் வந்துச்சுன்னு கவனிங்க. வடிவம் அதுலயே இருக்கும். நீங்க வெளிய தேட வேணாம்.

எல்லா வடிவத்துக்கும் நான் ஒரே உதாரணம் எடுத்துக்கறேன், எங்க தெருவுல நடந்தது. எங்க தெருவுக்கு மீன் கொண்டாற ஆயா ஒருத்தங்க இருக்காங்க, விடிகாலைல காசிமேடு போய் ஏலத்துல எடுத்து, ஷேர் ஆட்டோல வந்து எறங்கி, அலுமினிய கூடைய தலைல வச்சிக்கினு தெரு தெருவா கூவிக்கினு வருவாங்க, முப்பது வருஷமா அதே கூடை அதே அருவாமனை. ஒரு நாள் காலைல வந்தாங்க, கழுத்துல நீல கயிறுல ஒரு ஐடி கார்டு தொங்குது. அவங்க பேத்தியோட காலேஜ் கார்டு. அந்த குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆள் அந்த பொண்ணு தான். வாசல் பக்கம் ஆணில மாட்டி இருந்தத எடுத்து போட்டுக்கினு வந்துட்டாங்க. அந்த பொண்ணு வீடு பூரா தேடி, கெடைக்காம, லேட்டாச்சேன்னு ஓடிப் போய், வாசல்ல செக்யூரிட்டி உள்ள விடல. திரும்பி வரும்போது எங்க தெரு முனைல ஆயா சங்கரா மீனை வெட்டிக்கினு இருக்காங்க, கார்டு முன்னாடி ஆடுது. அந்த பொண்ணு நின்னு பாத்துச்சு. "ஒரு நாள் லீவ் போட்டா இன்னா, நீ போட்டுக்கோ ஆயா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு.

இவ்ளோ தான் விஷயம்.

முன்னாடி ஒன்னு தெளிவு பண்ணிடறேன், இதுல தான் நிறைய பேர் குழம்பறாங்க. வடிவம் வேற, வகை வேற. காசிமேடு ஏலத்துல பெட்டி வேற மீன் வேற இல்லையா, ஒரே பெட்டில வஞ்சிரமும் போடலாம் நெத்திலியும் போடலாம். கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை இதெல்லாம் பெட்டி. துப்பறியறது, பேய், காதல், சரித்திரம், அறிவியல் புனைகதை இதெல்லாம் மீன். துப்பறியும் கதைய பத்து பக்க சிறுகதையாவும் எழுதலாம், நானூறு பக்க நாவலாவும் எழுதலாம், மேடைல நாடகமாவும் போடலாம். "நான் திகில் எழுதப்போறேன்"னு சொன்னா மீன் மட்டும் தான் சொல்லிருக்கீங்க, பெட்டி இன்னும் சொல்லல.

இன்னொரு விஷயம், இதெல்லாம் வெளியூர்லருந்து வந்த பாகுபாடுன்னு நெனைக்காதீங்க. இயல், இசை, நாடகம்னு மூணா பிரிச்சது நம்ம ஆளுங்க. தொல்காப்பியம் செய்யுளியல்ல பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல்னு ஏழு சொல்லுது. பிசின்னா விடுகதை. முதுசொல்னா பழமொழி. நம்ம ஆயாக்கள் திண்ணைல உக்காந்து போட்ட விடுகதையும் அவங்க வாயில சும்மா வந்து விழற பழமொழியும் அந்த லிஸ்ட்ல பாட்டுக்கு சமமா உக்காந்திருக்கு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, சத்தியமா. நம்ம வாயில இருக்கறது இலக்கியம் இல்லன்னு யார் சொன்னாலும் இந்த ஒரு வரிய காட்டுங்க.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருவோம்.

நீங்க சொல்லும்போது சம்பவத்தை எல்லாம் ரெண்டு வாக்கியத்துல தாண்டிப் போயிட்டு, ஒரு காட்சிகிட்ட வந்து நின்னுட்டீங்கன்னா, "அந்த கார்டு ஆடிக்கினே இருந்துச்சுப்பா, அந்த கார்டு..."ன்னு அதையே திரும்ப திரும்ப சொன்னீங்கன்னா, அது கவிதை. கவிதைக்கு முன்கதை வேணாம். காலேஜ், செக்யூரிட்டி, லீவு எல்லாத்தையும் விட்ருங்க. அந்த நர்ஸிங் பொண்ணு எழுதின மொத டிராஃப்ட்ல "பாசம்", "தியாகம்", "பெருமை" மூணும் இருந்துச்சு. மூணையும் அடிச்சிட்டு, "ஆயா கை எப்படி இருந்துச்சு சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "செதில் ஒட்டி இருந்துச்சு, அதனால கார்டை விரலால தொடல, பொறங்கையால தூக்கினாங்க"ன்னுச்சு. அங்க இருந்து வந்தது இது:

செதில் ஒட்டின விரல்
ஃபோட்டோ மேல படாம
பொறங்கையால தூக்கிப் பாக்கறாங்க ஆயா.
அட்டைக்குள்ள பேத்தி
ஈரமே படாம சிரிக்கிறா.

பாசம்ன்ற வார்த்தை இல்ல, ஆனா அந்த பொறங்கைல எல்லாம் இருக்கு. கவிதை எழுத உக்காந்தா மொதல்ல பண்ண வேண்டியது இது தான், உணர்ச்சியோட பேரை அடிச்சிட்டு அந்த நேரத்துல கை என்ன பண்ணிச்சு, கண் எங்க பாத்துச்சுன்னு எழுதறது.

இது புதுக்கவிதை, யாப்பு கணக்கு கிடையாது. மரபுக்கவிதை எழுதணும்னா அது தனி பயிற்சி, வார்த்தையை நேர், நிரைன்னு ஒலித்துண்டா, அதாவது அசையா, பிரிக்கறதுல இருந்து ஆரம்பிக்கணும், அந்த அசைங்க சேந்தா சீர். வெண்பான்னா கடைசி அடி மூணு சீர், மத்த அடி நாலு சீர், கடைசி சீர் நாள், மலர், காசு, பிறப்புன்ற நாலு வாய்பாட்டுல ஒன்னுல முடியணும். குறள் அப்படி ரெண்டு அடில ஏழு சீர். கஷ்டம்னு ஓடாதீங்க, தினம் ஒரு குறளை எடுத்து அசை பிரிச்சுப் பழகுங்க, விரல்ல எண்ணிக்கினே போனா ரெண்டு மூணு மாசத்துல காது பழகிடும். ஹைக்கு ஜப்பான்லருந்து வந்தது, அங்க 5-7-5னு ஒலிக்கணக்கு உண்டு, தமிழ்ல பெரும்பாலும் அந்த கணக்கை விட்டுட்டு மூணு வரில ஒரு காட்சின்னு எழுதறாங்க.

நம்ம ஏரியாவுக்கும் கவிதைக்கும் தூரம்னு யாராவது சொன்னா ஏழுகிணறு பக்கம் கூட்டிட்டுப் போங்க. வள்ளலார் வாழ்ந்த வீடு அங்க வீராசாமி தெருவுல இருக்கு, கந்தகோட்டம் முருகனைப் பாடினது அவர் சின்ன வயசுல. திருவொற்றியூர்ல பட்டினத்தார் சமாதி கடலைப் பாத்துக்கினு இருக்கு. அந்த ஊர் சிவன் கோயிலை சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரும் பாடி இருக்காங்க.

ரெக்கார்டிங்ல நீங்க சொல்லும்போது தொடையில தட்டிக்கினே சொல்லி இருந்தீங்கன்னா, இல்ல சொல்ற வாக்கியம் ஒன்னுக்கு ஒன்னு ஒத்து ஒத்து முடிஞ்சுதுன்னா, அது கானா. எனக்கு ரொம்ப பிடிச்ச வடிவம், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். கானாவை வெறும் குத்துப்பாட்டுன்னு பாக்கறவங்க ஒரு சாவு வீட்ல விடிய விடிய உக்காந்து மரண கானா கேட்டதில்லன்னு அர்த்தம். செத்துப் போனவரோட பேரு, அவர் பாத்த வேலை, அவர் யாருக்கு என்ன செஞ்சாரு, விட்டுட்டுப் போன புள்ளைங்க, எல்லாத்தையும் பாட்டுக்குள்ள கொண்டாந்துடுவாங்க, அழுதுக்கினு இருக்கற குடும்பம் நிமிந்து பாக்கும். இரங்கற்பான்னு படிப்பாளிங்க சொல்ற வடிவத்துக்கு எங்க தெருவோட பேரு அது.

கானா எழுதறதுக்கு மூணு விஷயம் தெரிஞ்சா போதும். மோனை, வரி ஆரம்பிக்கற மொத எழுத்து ஒத்துப் போறது. எதுகை, ரெண்டாவது எழுத்து ஒத்துப் போறது. இயைபு, கடைசி சத்தம் ஒத்துப் போறது. கானா முக்கியமா நிக்கறது இயைபு மேல. கன்டெய்னர் யார்டு பையன் ஆயாவுக்குப் போட்டது:

கூடைல சங்கரா கழுத்துல கார்டு
கூவிக்கினு வருது ஆயா நம்ம வார்டு
ஏலத்துல எடுத்ததெல்லாம் முப்பது வருஷப் பாடு
ஏறிப்போச்சு பேத்தி பேரு காலேஜு ரெக்கார்டு

கூ-கூ, ஏ-ஏ மோனை, கார்டு-வார்டு-பாடு-ரெக்கார்டு இயைபு. அவன் கிட்ட இதெல்லாம் இலக்கணம்னு யாரும் சொல்லல, அவன் காதுலயே இருந்துச்சு. அவன்கிட்ட நான் சொன்ன ஒரே திருத்தம் மூணாவது வரி, மொதல்ல "கஷ்டப்பட்டு வளத்தா"ன்னு வச்சிருந்தான், அது எந்த ஆயாவுக்கும் பொருந்தும், ஏலம்னு போட்டா தான் இந்த ஆயா.

அடுத்து சிறுகதை. சொல்லும்போது "அதுக்கு முன்னாடி இன்னா ஆச்சுன்னா", "இரு இரு, இத கேளு"ன்னு கேக்கறவங்கள நிறுத்தி நிறுத்தி கூட்டிட்டுப் போயி, ஒரு எடத்துல "அப்ப தான் அது பாத்துச்சு"ன்னு ஒரு திருப்பம் வச்சீங்கன்னா சிறுகதை. ஒரு ஆளுக்கு உள்ள ஏதோ ஒன்னு மாறணும், அந்த மாறற எடத்துக்கு பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். புதுசா எழுதறவங்க ரொம்ப தூரத்துல இருந்து ஆரம்பிக்கறாங்க. ரிப்பேர் கடை பையன் எழுதினது இப்படி ஆரம்பிச்சுது: "ஆயா சிறு வயதிலேயே கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளை வளர்க்க மீன் வியாபாரத்தில் இறங்கினாள்." இது ரேஷன் கார்டுல இருக்கற விவரம் மாதிரி. அத தூக்கிட்டு இப்படி மாத்தினோம்: "ஆணி காலியா இருந்துச்சு. அவ ரெண்டாவது தடவையும் ஆணிய தொட்டுப் பாத்தா." அவ்ளோ தான், கார்டு காணோம், நேரமாகுது, பொண்ணு பதட்டத்துல இருக்கு, படிக்கறவங்க உள்ள வந்துட்டாங்க. கணவன், மூணு புள்ளைங்க, முப்பது வருஷம் எல்லாம் பின்னாடி ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தையா தானா வந்து சேரும்.

சிறுகதைல பெரிய முடிவு யார் சொல்றான்றது. பேத்தி சொன்னா அது கோவத்துல ஆரம்பிச்சு வேற எங்கயோ முடியற கதை. ஆயா சொன்னா அந்த கார்டை ஏன் எடுத்தாங்கன்னு அவங்களே காரணம் தேடற கதை. செக்யூரிட்டி சொன்னா? தினம் முந்நூறு கழுத்தை பாக்கற மனுஷன், அன்னிக்கு ஒரு வெறும் கழுத்தை திருப்பி அனுப்பறாரு, அது இன்னொரு கதை. ஆளே இல்லாமலும் சொல்லலாம். வ.வே.சு. ஐயர் "குளத்தங்கரை அரசமரம்" எழுதினப்போ மரத்தையே கதை சொல்ல வச்சாரு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம கதைய ஆயாவோட அருவாமனை சொல்லட்டும்னு பசங்க ட்ரை பண்ணாங்க, சரியா வரல, ஏன்னா அருவாமனைக்கு காலேஜ் வாசல்ல நடந்தது தெரியாது. யார் சொல்றாங்களோ அவங்களுக்குத் தெரிஞ்சது மட்டும் தான் கதைல வரலாம், இந்த கட்டுப்பாட்டை மீறினா கதை உடைஞ்சிடும். ஒரே சம்பவத்தை மூணு பேர் வாயில வச்சு ஒவ்வொரு பக்கம் எழுதிப் பாத்துட்டு எது தானா ஓடுதோ அத வச்சுக்கோங்க.

ரெக்கார்டிங் நாப்பது நிமிஷம் போயும் நீங்க இன்னும் ஆயாவோட கல்யாணத்துலயே இருக்கீங்களா? "அவங்க அப்பா கட்டுமரத்துல போனவரு, அந்த காலத்துல..."ன்னு வெளிய வெளிய போயிட்டே இருக்கா? அது நாவல். நாவல்னா நீளமான சிறுகதை கிடையாது, அதுல காலம் ஓடணும், ஊரும் ஒரு ஆளா இருக்கணும். 1879ல மாயூரம் வேதநாயகம் பிள்ளையோட "பிரதாப முதலியார் சரித்திரம்" புத்தகமா வந்துச்சு, தமிழ்ல மொத நாவல்னு சொல்றது அத தான், அவர் முன்சீப் வேலை பாத்தவரு. முழு நேர எழுத்தாளரா இருந்தா தான் நாவல் வரும்னு இல்ல.

நாவலுக்கு நான் சொல்ற வேலை ஒன்னு தான், சுவத்துல ஒரு பெரிய பேப்பர் ஒட்டி வருஷக் கணக்கு போடுங்க. மேல ஊர்ல நடந்தது, கீழ உங்க ஆளுங்களுக்கு அப்ப என்ன வயசு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ ஆயா கரைல இருந்தாங்களா வீட்ல இருந்தாங்களா, பேத்தி பொறந்திருச்சா? வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகு கடலுக்குப் போகாது, ஆயா அப்ப என்ன வித்தாங்க, யார் கிட்ட கடன் வாங்கினாங்க? இந்த பேப்பர் இல்லாம ஆரம்பிச்சா நூறாவது பக்கத்துல பேத்தி அம்மாவுக்கு முன்னாடி பொறந்திருக்கும்.

குறுநாவல் ரெண்டுக்கும் நடுவுல, ஒரு பெரிய சிக்கல், கொஞ்சம் ஆளுங்க. கார்டு சம்பவம் நடந்த அந்த ஒரு வருஷத்தை மட்டும் எழுதினா ஆயா கதை குறுநாவலா நல்லா நிக்கும்.

நீங்க குரல் மாத்தி மாத்தி சொல்லி இருந்தா, ஆயா மாதிரியும் பேத்தி மாதிரியும் பேசிக் காட்டி இருந்தா, நாடகம். மேடைல கண்ணுக்குத் தெரியறதும் காதுல விழறதும் மட்டும் தான் உண்டு, "அவள் மனதுக்குள் நினைத்தாள்" கிடையாது. "ஆயா பெருமைப்படறாங்க"ன்னு எழுத முடியாது, இப்படி தான் எழுத முடியும்:

வாங்க வந்தவர்: இன்னா ஆயா, காலேஜ்ல சேந்துட்டியா?
ஆயா: ஆமா. கிழங்கான் எவ்ளோ வேணும் சொல்லு.
(கார்டை இடது கையால பின்னாடி தள்ளிட்டு வெட்டறாங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப முன்னாடி இழுத்து விட்டுக்கறாங்க.)

அந்த இழுத்து விட்டுக்கறது தான் பெருமை. தெருக்கூத்துல கட்டியக்காரன்னு ஒரு ஆள் உண்டு, கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல நின்னு பேசறவரு, உங்க நாடகத்துல விளக்கம் தேவைப்பட்டா அப்படி ஒரு ஆளை வைங்க, பாத்திரங்களை விளக்கம் சொல்ல வைக்காதீங்க. எழுதி முடிச்சதும் நாலு பேர் நின்னு சத்தமா படிங்க, நாக்கு மாட்டற எடமெல்லாம் மாத்தணும். நாடகம் நமக்குப் புதுசில்ல, பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சுகுண விலாச சபா ஆரம்பிச்சது இந்த ஊர்ல தான், வால்டாக்ஸ் ரோட்ல ஒத்தவாடை தியேட்டர் நாடகக் கம்பெனிங்க வந்து ஆடின எடம்.

கட்டுரை எப்பன்னா, சொல்லி முடிச்சதும் "ஏன் இப்படி இருக்கு?"ன்னு உங்களுக்கே ஒரு கேள்வி வந்துச்சுன்னா. கார்டு இல்லாம வந்தா ஒரு பொண்ணை ஏன் திருப்பி அனுப்பணும்? குடும்பத்துல மொதமொதலா படிக்க வர்ற புள்ளைக்கு அந்த வாசல் எப்படி இருக்கு? பிரெஞ்சுக்காரர் மான்டெய்ன் 1580ல தன்னோட கட்டுரைகளை புத்தகமா போட்டப்போ அதுக்கு வச்ச பேரோட அர்த்தமே "முயற்சி"ன்றது தான். முடிவு தெரிஞ்சுக்கிட்டு எழுத வேணாம், யோசிச்சுக்கினே எழுதலாம். ஆனா கட்டுரைல ஒரு தகவல் தப்பா இருந்தா மொத்தமும் போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்தத பத்தி ஒரு பையன் எழுதணும்னான், மொதல்ல அங்க போய் நின்னு நாலு பேர்கிட்ட பேசிட்டு வான்னு அனுப்பினேன், திரும்பி வந்தவன் எழுதினது வேற மாதிரி இருந்துச்சு, படகு கட்டற கயிறுல கருப்பா ஒட்டி இருந்தத எழுதி இருந்தான்.

தன்வரலாறு, டைரி, கடிதம், பயணக் குறிப்பு இதெல்லாம் கட்டுரையோட சொந்தக்காரங்க. நடந்தது நடந்த மாதிரி, நான்னு சொல்லி. தேதி போட்டு தினம் அஞ்சு வரி எழுதுங்க, ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரில 1736ல இருந்து அப்படி எழுதி வச்சது தான் இன்னிக்கு சரித்திரமா இருக்கு.

பழைய சிற்றிலக்கியங்களை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, எனக்கு இதுல வருத்தம் உண்டு. தொண்ணூத்தாறு வகைன்னு கணக்கு சொல்வாங்க, தூது, உலா, பரணி, பள்ளு, குறவஞ்சி, கலம்பகம், அந்தாதின்னு ஒவ்வொன்னும் ரெடிமேடா ஒரு கட்டமைப்பு வச்சிருக்கு. உலால தலைவன் வீதில பவனி வருவான், பேதைல இருந்து பேரிளம்பெண் வரைக்கும் ஏழு பருவத்துப் பொண்ணுங்க பாப்பாங்க. கூடை தூக்கிக்கினு தெருவுல வர்ற ஆயாவை நெனைச்சுப் பாருங்க! ஒவ்வொரு வாசல்லயும் ஒரு பொண்ணு, அஞ்சு வயசு குட்டி கார்டை புடிச்சு இழுக்குது, பத்தாவதோட நின்னு போன பொண்ணு அத பாத்துட்டு பார்வைய திருப்பிக்குது, எழுபது வயசுக்காரங்க "இது இன்னாடி தாலி மேல தாலி"ன்னு கேக்கறாங்க. ஏழு வாசல், ஏழு பாட்டு. யாராவது இத எழுதுங்க, ப்ளீஸ்.

பெட்டி முடிவாயிடுச்சுன்னா மீன். வகைன்னா படிக்கறவங்களுக்கு நீங்க குடுக்கற வாக்கு. துப்பறியும் கதைன்னா கேள்விக்கு கடைசில பதில் சொல்லணும், துப்பு எல்லாம் முன்னாடியே கண்ணுல பட்டிருக்கணும். பேய்க்கதைன்னா ஆளை சீக்கிரம் காட்டக் கூடாது. சரித்திரக் கதைன்னா அந்த காலத்துல இல்லாத பொருள் உள்ள வரக் கூடாது. அறிவியல் புனைகதைன்னா ஒரே ஒரு "இப்படி இருந்தா?" எடுத்துக்கிட்டு மத்ததெல்லாம் அதுலருந்து ஒழுங்கா வரணும். வடசென்னைன்னாலே ரவுடி, அருவான்னு எழுதறது தான் சுலபமா கைக்கு வரும், நம்ம புள்ளைங்களே அப்படி எழுதிட்டு வர்றத பாக்கும்போது எனக்கு மனசு கேக்காது. எங்க தெருவுல அருவா சங்கரா வெட்டுது. கேரம் போர்டு, ஃபுட்பால், பாக்ஸிங், கண்டெய்னர் லாரி, காலேஜ் போற பொண்ணுங்க எல்லாம் இருக்கு, நகைச்சுவைக்கும் காதலுக்கும் குழந்தைங்க கதைக்கும் இங்க பஞ்சமே இல்ல.

ஒரு வடிவத்தை எழுதறதுக்கு முன்னாடி அதுல அஞ்சு புத்தகமாவது படிச்சிருக்கணும், காசு இல்லன்னா கிளை நூலகம், கொஞ்சம் காசு இருந்தா சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல பழைய புத்தகக் கடைங்க. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சதுக்கு அப்புறம் அங்க வந்தவங்க.

எழுதி முடிச்சதும் யாரைப் பத்தி எழுதினீங்களோ அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க, வெளிய போடறதுக்கு முன்னாடி பேரை மாத்துங்க, அனுமதி கேளுங்க. ஆயாவுக்கு நாங்க கவிதை, கானா, கதை மூணும் மாடிப்படில உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினோம். கானாவுக்கு தலைய ஆட்டினாங்க. கவிதைய இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. கதைல சங்கரா கிலோ நூத்தம்பதுன்னு போட்டிருந்தத கேட்டதும் நிறுத்திட்டாங்க. "அன்னிக்கு ஏலத்துலயே எரநூறு கண்ணு, நான் எப்படி நூத்தம்பதுக்கு குடுப்பேன், அத மாத்து." மாத்திட்டோம்.